நேற்றைவிடப் பெட்டர்

அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் இரட்டைக் கதவுக்கு வெளியே, உறவினர்கள் காத்திருக்கும் கூடம் ஒன்று உண்டு. அங்குள்ள இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒருவர் எழுந்தால் வரிசை முழுவதும் ஆடும். தினமும் காலை பதினொரு மணிக்குக் கதவின் ஒரு பக்கம் மட்டும் திறக்கும். நடுவயதுப் பெண் ஒருவர் வெளியே வந்து, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வரை காத்திருந்து, பிறகு பேசத் தொடங்குவார். அவருடைய உத்தியோகப் பெயர் தகவல் உதவியாளர். கூடத்தில் எவரும் அப்படி அழைத்ததில்லை. அங்கே அவர் 'பெட்டரம்மா'.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொன்னால்தான் அவருடைய வேலை விளங்கும். தொடக்கத்தில் அவர் கீழ்த்தளத்தில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசையில் இருந்தார். மேலே இந்தப் பிரிவு திறக்கப்பட்டபோது, உள்ளே கிடப்பவர்களின் நிலையை வெளியே இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. செவிலியர்களுக்கு நேரமில்லை, டாக்டர்களுக்குப் பொறுமையில்லை. அதட்டாமலும் குழையாமலும் பேசக்கூடியவர் என்று இவரை மேலே அனுப்பினார்கள். முதல் சில மாதங்கள் அவர் எண்களைச் சொன்னார்: நாடித்துடிப்பு இவ்வளவு, இரத்த அழுத்தம் இவ்வளவு, பிராணவாயு இவ்வளவு. உறவினர்கள் அவற்றைப் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் போல எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எவ்வளவு என்று விசாரித்தார்கள். நாடித்துடிப்பில் தன் மாமனார் முதலிடம் என்று ஒரு மருமகன் மகிழ்ந்துபோய் ஊருக்கெல்லாம் போன் செய்தார். நாடி அவ்வளவு வேகமாகத் துடிப்பது நல்லதல்ல என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் பெட்டரம்மாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அன்றோடு எண்களை விட்டார். டாக்டர் காலைச் சுற்றில் ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று உதவி டாக்டர்களிடம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். பெரும்பாலும் அது 'பெட்டர் தேன் எஸ்டர்டே' என்றுதான் இருக்கும். சில நாள் முன்னால் ஒரு 'மச்' சேரும், சில நாள் ஒரு 'ஸ்லைட்லி' சேரும். அந்த வாக்கியத்தையே அவர் வெளியே கொண்டுவந்தார். 'நேத்தைவிடப் பெட்டர்', 'நேத்தைவிட ரொம்பப் பெட்டர்', 'நேத்தைவிடக் கொஞ்சம் பெட்டர்', இல்லாவிட்டால் 'நேத்து மாதிரிதான்'. தன் பங்குக்கு ஒரு சொல் கூட்டமாட்டார். ஒரு சொல் குறைக்கவும் மாட்டார். காகிதத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும் சில அடிகளுக்குள் உதடசைத்து மனப்பாடம் செய்துகொள்வார்.

கூடம் அந்தத் தொடரை உடனே தனதாக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் வேறொரு சொல் அறியாதவர்களும் அதைச் சரளமாகப் பேசினார்கள். காலையில் எதிர்ப்பட்டால் வணக்கத்துக்குப் பதில் "பெட்டரா?" என்று கேட்டுக்கொண்டார்கள். 'ரொம்ப' கிடைத்தவர்கள் 'கொஞ்சம்' கிடைத்தவர்களை இரக்கத்தோடு பார்த்தார்கள். முந்தைய நாள் மரணத்தின் வாசல்வரை போய் வந்தவருக்குத்தான் 'ரொம்பப் பெட்டர்' சுலபமாகக் கிடைக்கும் என்பதும், மெல்லத் தேறிவருகிறவருக்குக் 'கொஞ்சம்' கிடைப்பதே நல்ல சேதி என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. தம்பியை உள்ளே படுக்கவைத்துவிட்டு வெளியே காத்திருந்த லாரி உரிமையாளர் ஒருவருக்குத் தொடர்ந்து 'நேத்து மாதிரிதான்' என்றே சேதி வந்தது. "அவன் பொறந்ததிலிருந்தே அப்படித்தான். அதுல மாற்றம் வந்தாத்தான் நான் பயப்படணும்" என்று அவர் சொல்லிவிட்டு, சிரித்தவர்களோடு தானும் சிரித்து, பிறகு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வீட்டிலும் அந்தத் தொடர் தப்பவில்லை. பெட்டரம்மாவின் கணவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். சாப்பாடு எப்படி என்று கேட்டால் தட்டிலிருந்து தலை நிமிராமல் "நேத்தைவிடப் பெட்டர்" என்பார். "அப்போ நேத்து என்ன குறை?" என்று இவர் கேட்பார். கணவர் ரசம் ஊற்றிக்கொள்வார்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஆறாம் படுக்கைக்கு ஓர் அம்மாள் வந்தார். கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டுத் தரும் கடைக்காரரின் மனைவி அவர். கடையில் கணவரின் கை வேலை செய்யும், மனைவியின் வாய் வேலை செய்யும் என்று தெருவே சொல்லும். வந்தவர்களிடம் அளவு கேட்பது, பேரம் பேசுவது, நாள் சொல்வது, சொன்ன நாள் தவறியதற்குச் சமாதானம் சொல்வது எல்லாம் அந்த அம்மாள்தான். நுரையீரலில் கிருமித் தொற்று. மூக்கையும் வாயையும் மூடி அழுத்தமாகக் காற்றைச் செலுத்தும் முகமூடி போட்டிருந்தார்கள். அது இருக்கும்வரை பேச்சில்லை, தலையசைப்பு மட்டும்.

வெளியே கணவரும் ஒரே மகளும் இருந்தார்கள். மகள் தொழிற்சாலைக் கருவிகளைப் பற்றிப் படித்தவள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அவளை எடுத்திருந்தது. குறிப்பிட்ட தேதியில் தொடங்கும் பயிற்சிக் குழுவில் அவள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போகும். விமானம் வேறொரு நகரத்திலிருந்து. அதைப் பிடிக்க வெள்ளிக்கிழமை மாலை ரயிலேற வேண்டும். தாய் இந்த நிலையில் கிடக்கும்போது போவதா என்று அவள் திங்கட்கிழமை முதல் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டரம்மா வந்து "நேத்தைவிடப் பெட்டர்" என்றார். கடைக்காரர் விரல்களில் ஒட்டியிருந்த பிளாஸ்டர்களைத் தடவியபடி மகளைப் பார்த்தார். புதன்கிழமையும் அதே சேதி. வியாழக்கிழமை 'ரொம்பப் பெட்டர்'. மூன்று நாளும் முன்னேற்றம் என்றால் மூன்று படி ஏறியாகிவிட்டது என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். புறப்பட்டு வரவிருந்த மைத்துனியைப் போனில் கூப்பிட்டு வர வேண்டாம் என்றார். வீட்டுக்குப் போய்ப் படுக்கையறை ஜன்னலில் விரிசல் விட்டிருந்த கண்ணாடியை மாற்றினார். குளிர்காற்று உள்ளே வரக்கூடாதாம். மகளிடம் பெட்டியைக் கட்டச் சொன்னார். அவளும் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை பெட்டரம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். அந்தப் பக்கம் மோட்டார் வேலை இருந்ததால் கணவர் தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டிருந்தார். இரவுப் பணிச் செவிலியர் பகல் பணியாளரிடம் ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அத்தனை ஆண்டுகளில் பெட்டரம்மா அந்த ஒப்படைப்பைக் கேட்டதில்லை. அவர் வரும்போது அது முடிந்திருக்கும். கைப்பையை வைக்கத் தன் அலமாரியைத் திறந்தவரின் காதில் ஆறாம் படுக்கையருகே நடந்த பேச்சு விழுந்தது.

"இவங்களுக்கு நேத்தும் அதே கதைதான். நடுராத்திரிக்கு மேல ஆக்சிஜன் சரசரன்னு இறங்கிடுது. காத்தோட அழுத்தத்தை ஏத்தி, பக்கத்துலயே நின்னு, விடியறதுக்குள்ள பழைய இடத்துக்குக் கொண்டுவர்றோம். வந்ததிலிருந்து ஒரு ராத்திரி கூட ஒழுங்கா இல்லை. நேத்துத்தான் இருக்கறதிலேயே மோசம்."

அலமாரிக் கதவைப் பிடித்தபடியே அவர் நின்றுவிட்டார். டாக்டர் இன்னொரு மருத்துவமனையையும் பார்த்துவிட்டு வருகிறவர். வந்ததும் படுக்கையின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் மேல் தாளை எடுப்பார். மேல் தாள் என்பது இரவுத் தாள். அதில் இருப்பதையும் கண்ணெதிரே இருப்பதையும் ஒப்பிட்டுத்தான் அவர் 'பெட்டர்' என்பார். இரவு எவ்வளவு கீழே போகிறதோ, காலையில் அவ்வளவு 'பெட்டர்' கிடைக்கும். வியாழக்கிழமை 'ரொம்ப' கிடைத்ததன் பொருள், புதன்கிழமை இரவு அந்த அம்மாள் அவ்வளவு ஆழத்துக்குப் போய் வந்தார் என்பதே. ஒவ்வொரு நாளும் சொன்னது உண்மை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு படிகூட ஏறவில்லை. சொன்னது டாக்டர். வெளியே கொண்டுபோய்க் கொடுத்தது இவர்.

காலைச் சுற்று தொடங்கியது. ஆறாம் படுக்கையில் டாக்டர் தாளைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், எதிர்பார்த்த வாக்கியத்தைச் சொன்னார். முன்னால் 'மச்' இருந்தது. அடுத்த படுக்கைக்கு அவர் திரும்புமுன் பெட்டரம்மா குறுக்கே நின்றார். அப்படி நிற்பது அவருக்கே புதிது. இரவுகளைப் பற்றிக் கேட்டார். ஆமாம், இரவுகள் கடினமாகத்தான் இருக்கின்றன, அதற்காகத்தான் மருந்தை மாற்றியிருக்கிறோம், பலன் தெரிய நாளாகும் என்றார் டாக்டர். அப்படியானால் வெளியே என்ன சொல்வது என்று இவர் கேட்டார்.

"நான் சொன்னதைச் சொல்லுங்க. அதுல தப்பு இருக்கா?"

"தப்பு இல்லை டாக்டர். ஆனா அவங்க பொண்ணு இன்னைக்குச் சாயங்காலம் வெளிநாடு போறா. நம்ம சொல்ற ஒரு வார்த்தையை வெச்சுத்தான் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டின் நுனியில் துடைத்தார். "போறதும் இருக்கறதும் அவங்க குடும்ப விஷயம். அது நம்ம வேலை இல்லையம்மா" என்றார். குரலில் கடுமை இல்லை; அவசரம்தான் இருந்தது. ஏழாம் படுக்கையில் ஒரு கருவி கத்தத் தொடங்கியிருந்தது. எல்லோரும் அங்கே போனார்கள்.

பெட்டரம்மா ஆறாம் படுக்கையருகே நின்றார். அந்த அம்மாளின் கண்கள் திறந்திருந்தன. முகமூடியின் விளிம்பு கன்னத்தில் சிவந்த கோடு போட்டிருந்தது. மகள் இன்றைக்கு ஊருக்குப் போகிறாளாமே என்று கேட்டார். அந்த அம்மாள் பலமாகத் தலையசைத்தார். இரண்டாவது முறை அசைப்பதற்குள் மூச்சு வாங்கியது.

பதினொரு மணிக்கு முன்பே பெட்டரம்மா கதவைத் திறந்து, கடைக்காரரை மட்டும் சைகை காட்டி அழைத்து, மின்தூக்கியின் பக்கவாட்டில் இருந்த குறுகிய இடத்துக்குக் கூட்டிப்போனார். மகள் கீழே பயணச்சீட்டை அச்செடுக்கப் போயிருந்தாள். அவளுடைய நீலப்பெட்டி நாற்காலி வரிசையின் ஓரத்தில் நின்றது. இரவில் நடப்பதை அவர் உள்ளபடி சொன்னார். இன்று காலை இருக்கும் இடமும் திங்கட்கிழமை வந்த இடமும் ஒன்றுதான் என்றார்.

கண்ணாடியில் கீறுவதற்குமுன் அளவைச் சரிபார்ப்பவரைப் போலக் கடைக்காரர் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா பெட்டர்னு சொன்னது நீங்கதானேம்மா?"

"நான்தான்."

"என் மச்சினிச்சியை வராதேன்னு சொல்லிட்டேன்."

மின்தூக்கி வந்து நின்று, யாரையும் இறக்காமல் மூடிக்கொண்டு போயிற்று. கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். இங்கே கொண்டுவருமுன் வீட்டு வாசலில் நின்று மனைவி சொன்னதைச் சொன்னார். தனக்கு என்ன ஆனாலும் மகள் அந்த வண்டியில் ஏறியாக வேண்டும்; தடுத்தால் பிழைத்து வந்த பிறகும் உங்களோடு பேசமாட்டேன் என்றாராம். இந்த வேலைக்கு அவள் விண்ணப்பித்த நாளிலிருந்து அந்த அம்மாளுக்குக் கடையில் வேறு பேச்சே இல்லை.

"அவ ஏறிப் போகட்டும்மா. அதுவரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். ஒரே ஒரு வார்த்தை. தினமும் சொல்றதைத்தானே இன்னைக்கும் சொல்லப் போறீங்க? பொய்கூட இல்லையே."

"பொய் இல்லைண்ணா."

"அப்புறம் என்ன?"

அதுதான் பெட்டரம்மாவுக்கும் விளங்கவில்லை. டாக்டர் அதையே சொல்லச் சொன்னார். கடைக்காரர் அதையே கேட்கிறார். உள்ளே இருப்பவரின் விருப்பமும் அதுவே. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கதவுக்குள் போய்விட்டால் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. மகள் போவாள். ஒன்று, தாய் பிழைப்பார், எல்லோரும் வாழ்த்துவார்கள். அல்லது, இன்றிரவோ நாளை இரவோ, அவள் வானத்தில் இருக்கும்போது முடிந்துவிடும். அப்போதும் யாரும் பெட்டரம்மாவைத் தேடி வரமாட்டார்கள், அந்தப் பெண்ணைத் தவிர.

மாடிப்படியில் காலடி கேட்டது. மகள் அச்செடுத்த தாளை மடித்தபடி வந்தாள். இருவரும் மறைவில் நிற்பதைக் கண்டதும் நடை நின்றது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லை பாப்பா. அம்மாவுக்குப் பெட்டராம். நேத்தைவிட ரொம்பப் பெட்டராம். இப்பத்தான் இவங்க சொன்னாங்க." சொல்லிவிட்டு அவர் பெட்டரம்மாவைப் பார்த்தார். அதட்டலும் கெஞ்சலும் கலந்த அந்தப் பார்வையை இவர் பிறகு பல நாள் சுமந்தார்.

மகள் தகப்பனைப் பார்க்கவில்லை. "தினமும் அங்க நின்னு எல்லார் முன்னாலயும்தானே சொல்வீங்க. இன்னைக்கு ஏன் தனியா?" என்றாள்.

லாரி உரிமையாளர் எழுந்து நின்றதில் நாற்காலி வரிசை ஒருமுறை ஆடி ஓய்ந்தது. அன்று அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

"நீங்க சொல்லுங்க மேடம். எங்கம்மா எப்படி இருக்காங்க?"

கேள்வி அவ்வளவுதான். நேற்றைப் பற்றி அவள் கேட்கவில்லை. பெட்டரம்மா கைகளைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நேத்து ராத்திரி இருந்ததைவிட இப்ப நல்லா இருக்காங்க. ஆனா ஒவ்வொரு ராத்திரியும் கீழே போய்த்தான் திரும்பி வர்றாங்க. நேத்து ரொம்பக் கீழே போயிட்டாங்க. இன்னைக்கு ராத்திரி எப்படின்னு டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருந்தை மாத்தியிருக்காங்க. அது வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்."

"போகலாமா நான்?"

"அதை நான் சொல்லமுடியாதும்மா. உங்கம்மா நீ போகணும்னு ஆசைப்படறாங்க. அதையும் நீ தெரிஞ்சுக்கணும். கேட்டேன், தலையாட்டினாங்க."

மகள் தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். கடைக்காரர் சுவரோடு சாய்ந்து, வெட்டுத் தழும்புகள் நிறைந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கைகளை எடுத்துவிட்டு, நிதானமான குரலில், "நல்லா இருப்பீங்க" என்றார். அது வாழ்த்து அல்ல என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

மற்றவர்களுக்குச் சேதி சொல்லப் பெட்டரம்மா திரும்பியபோது ஒருவர்கூட 'பெட்டரா' என்று கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தங்களுக்கு இதுவரை கிடைத்த 'பெட்டர்'களை எதைவிட, எதைவிட என்று மனத்துக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் இரவுகளைப் பற்றிக் கேட்டார்கள். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். வழக்கமாகச் சீக்கிரம் முடியும் அந்த வேலை அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டியது.

அன்று மாலை ரயில் புறப்படும் நேரத்தில் மகள் நீலப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். தந்தை கூடத்தின் மறுகோடியில் இருந்தார். நேரம் தாண்டியதும் அவள் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் யாரோ பணிவாகவும் சுருக்கமாகவும் பதில் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்து, குப்பைத் தொட்டியில் போட்டாள். பெட்டரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியபோது இதைப் பார்த்தார். கிட்டே போகத் துணிவு வரவில்லை.

அன்றைய இரவு எல்லா இரவுகளையும்விட மோசமாக இருந்தது. தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லித் தந்தையையும் மகளையும் உள்ளே அழைத்தார்கள். மகள் தாயின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் கண்ணைத் திறந்து அவளைக் கண்டதும் முகமூடிக்குள்ளிருந்தே புருவத்தை நெரித்தாராம். அதைக் கோபம் என்று மகள் உடனே கண்டுகொண்டாள். குழாய் இறக்கத் தேவையில்லாமலேயே பொழுது விடிந்தது. சனிக்கிழமை இரவு ஆக்சிஜன் கொஞ்சம்தான் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை இரவு இறங்கவில்லை.

கடைக்காரர் புகார் கொடுத்தார். மேலாளர் தன் அறைக்கு அழைத்து, டாக்டர் சொல்லாததைச் சொல்ல உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று பெட்டரம்மாவைக் கேட்டார். தான் செவிலியரிடமிருந்து அறிந்ததையே சொன்னதாக இவர் பதில் தந்தார். அது விதிக்குப் பொருந்தாது என்றார் மேலாளர். இவரை மீண்டும் கீழ்த்தளத்துக்கே அனுப்பிவிடலாமா என்ற பேச்சும் நடந்தது. டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர், அந்தம்மா சொன்னதில் பிழை ஏதும் இல்லை, தான் சொன்னதில்தான் பாதி இல்லை என்றார். அடுத்த நாள் காலைச் சுற்றில் மேல் தாளோடு நிறுத்தாமல் அடியில் இருந்த தாள்களையும் வரிசையாகப் புரட்டினார். இவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

ஆறாம் படுக்கை அம்மாளைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ஒருநாள் மதியம் அங்கிருந்து பெட்டரம்மாவுக்கு அழைப்பு வந்தது. திரைச்சீலை போட்ட மூலைக் கட்டில். முகமூடி இல்லாத முகத்தை இவர் அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். கன்னத்தில் அந்தச் சிவந்த கோடு இன்னும் மறையவில்லை. நாள்கணக்கில் அடைபட்டிருந்த குரல் கரகரத்தது. ஆனால் கடையில் பேரம் பேசும் குரல் அது என்பதில் ஐயம் இல்லை.

"நீங்கதானா எம் பொண்ணை நிறுத்தினவங்க?"

"நான் நிறுத்தலை. அவ கேட்டா. சொன்னேன்."

"அவர் சொல்லவேண்டாம்னு சொன்னாரே."

"சொன்னார்."

"நான் தலையாட்டினேனே. அதுக்கு மேல என்ன பண்ணுவேன், எழுந்து உட்கார்ந்து பாட்டா பாடுவேன்?" மூச்சு வாங்கியது. அது தணியும்வரை பெட்டரம்மா காத்திருந்தார். "இப்பப் பாருங்க. நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். அந்த இடம் வேற யாருக்கோ போயிடுச்சு. அடுத்த குழு எப்போன்னு அவங்களுக்கே தெரியலையாம். அவ போயிருந்தா நான் பிழைச்சிருக்க மாட்டேனா?"

"பிழைச்சிருப்பீங்க."

"அப்புறம் என்னத்துக்குச் சொன்னீங்க?"

"பிழைப்பீங்கன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாதும்மா. போகணும்ங்கிறது உங்க ஆசை. போறதா வேண்டாமாங்கிறது அவ முடிவு. அவ என்கிட்ட வந்து கேட்டது நீங்க எப்படி இருக்கீங்கன்னுதான். அதை ஒளிச்சுவெச்சு அவளை ரயில் ஏத்த எனக்கு மனசு வரலை. திட்டணும்னா திட்டுங்க."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ பழம் நறுக்கும் ஓசை கேட்டது. மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடுதான் பெட்டரம்மா அங்கே வந்திருந்தார். ஆனால் எதற்கென்று கேட்பது? உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டால் அதுவே ஒரு பொய்யாகும். கேட்காமல் போனாலோ அந்தப் பெண்ணுக்கு இல்லாமல் போன இடத்தைத் துச்சமாக எண்ணியதாகும். இரண்டுக்கும் நடுவில் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார்.

"உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது" என்றார் அந்த அம்மாள் கடைசியில், முகத்தைத் திருப்பாமலே. "உங்க வேலையை நீங்க பார்த்தீங்க. அந்தக் கழுதைக்கு எங்க போச்சு புத்தி? அம்மா பேச்சைக் கேட்கறதா, ஆஸ்பத்திரிக்காரங்க பேச்சைக் கேட்கறதா? வெளியிலதானே நிக்கிறா? வரச் சொல்லுங்க. சண்டை போடவேண்டியது அவகிட்டத்தான்."

மகள் திரைக்கு அப்பால்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. இவரைக் கடந்துபோகும்போது அவள் நன்றி சொல்லவுமில்லை, குறை சொல்லவுமில்லை. இவருடைய முழங்கையை மட்டும் ஒரு கணம் பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

திரைச்சீலை விழுந்தது. உடனே திட்டு தொடங்கியது: நன்றிகெட்டவள், பிடிவாதக்காரி, அப்பனைப் போலவே ஒரு பேச்சுக் கேட்பதில்லை, ஊரெல்லாம் போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாளாம். நடுவில் இருமல் குறுக்கிட்டுப் பேச்சு அறுந்தது. பெட்டரம்மா நகராமல் நின்றார். இருமல் நீண்டது, மகள் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் திரையை நோக்கி ஒரு கையை நீட்டினார்.

விட்ட இடத்திலிருந்து திட்டு மறுபடி தொடங்கியது, முன்னைவிட உரக்க. மகள் ஏதோ எதிர்த்துப் பேசினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் வார்டை விட்டு வெளியே வந்தார். தாழ்வாரத்துக் கோடியில் கடைக்காரர் சுடுநீர்க் குடுவையோடு நின்றிருந்தார். இவரைக் கண்டதும் பார்வையை விலக்கிக்கொண்டவர், உள்ளிருந்து வந்த சத்தத்துக்குக் காது கொடுத்தார். மனைவியின் குரல்தான் என்று தெரிந்ததும் அவருடைய தோள்கள் தளர்ந்தன. குடுவையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் இவருக்காக மாடிப்படிக் கதவைத் திறந்து பிடித்தார்.